கிருமியைக் கொன்ற பசை நரம்பையும் சுட்டது: என்2 வேர்க்குழாய் நிரப்பி குறித்த நிகழ்வு ஆய்வு

பல்லடைப்புக்கும் வேர்க்குழாய் நிரப்புவதற்கும் விற்கப்படும் பொருள்களின் விளம்பரத் தாளை எடுத்துப் பாருங்கள். 'கிருமிகளைக் கொல்லும்' என்ற தொடர் அதில் எங்காவது தடித்த எழுத்தில் இருக்கும். கொல்லும் என்றால் நல்லதுதானே என்று மருத்துவரும் நோயாளியும் ஒருசேர எண்ணிக்கொள்கிறோம். அந்த எண்ணம் எவ்வளவு பெரிய துன்பத்தில் கொண்டுபோய்விடும் என்பதற்கு என்2 என்ற பசையின் வரலாறு கண்முன் நிற்கும் சான்று. ஆய்வகத் தட்டில் அந்தப் பசை தோற்றதில்லை. தோற்றது மனிதத் தாடையில்.

இந்த வரலாற்றைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நிரப்பியின் கிருமிக்கொல்லி ஆற்றலை எப்படி அளப்பது, அளந்ததை எவ்வளவு நம்புவது, அந்த ஆற்றல் சிகிச்சைக்கு எந்த அளவு தேவை என்ற மூன்று கேள்விகளையும் இந்த ஒரு பசை எழுப்பிவிடுகிறது.

பின்னணி

பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய மென்மையான பல்கூழ் இருக்கிறது. சொத்தை ஆழமாகி அதைத் தொட்டுவிட்டால் கிருமிகள் உள்ளே குடியேறுகின்றன. கூழ் அழுகி, வேர்நுனியைச் சுற்றிய எலும்பில் சீழ் கட்டுகிறது. ரூட் கெனால் சிகிச்சை என்பது அந்தக் கூழை அகற்றி, வேர்க்குழாய்களைக் கோரி, கழுவி, வெற்றிடத்தை நிரப்பி மூடுவது. நிரப்புவதற்குப் பெரும்பாலும் பயன்படுவது குட்டா பெர்ச்சா, அதாவது மலாயாக் காடுகளின் மரப்பாலிலிருந்து பிறந்த குச்சி. குச்சிக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையில் விடுபடும் நுண்ணிய இடைவெளிகளை அடைக்க ஒரு பசை வேண்டும். அதுவே சீலர்.

இந்த நோய்க்கு மூல காரணம் கிருமிதான் என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது 1965இல் வெளிவந்த ஓர் ஆய்வு. அமெரிக்காவின் தேசியப் பல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு ஆகிய மூவரும் எலிகளின் கடைவாய்ப் பற்களைத் துளைத்துப் பல்கூழைத் திறந்தே விட்டார்கள். சாதாரண எலிகளுக்குக் கூழ் அழுகிச் சீழ் கட்டியது. கிருமியே இல்லாத சூழலில் பிறந்து வளர்ந்த எலிகளுக்கோ, உணவுத்துணுக்கு குழியில் அடைந்து கிடந்தபோதும் கூழ் உயிரோடிருந்தது. காயத்தின்மேல் புதிய டென்டின் பாலம்கூட வளர்ந்தது; கூழைச் சூழ்ந்திருக்கும் பல்லின் கடினத் திசுதான் டென்டின். காயம் ஒன்றே, உணவும் ஒன்றே. வேறுபட்டது கிருமி மட்டும்.

ஆனால் பல் மருத்துவர்கள் கிருமிக்கு அஞ்சத் தொடங்கியது அதற்கும் வெகு காலம் முன்பே. 1910இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உரையாற்றிய ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹன்டர், வாயில் ஒளிந்திருக்கும் சீழ்தான் உடலின் பல நோய்களுக்கு ஊற்று என்று முழங்கினார். அதன்பின் சில பத்தாண்டுகள் காப்பாற்றியிருக்கக்கூடிய பற்களெல்லாம் பிடுங்கி எறியப்பட்டன. பல்லைக் காக்க விரும்பியவர்கள், வேர்க்குழாய்க்குள் ஒரு கிருமிகூட இல்லை என்று மார்தட்டிச் சொல்லவேண்டிய நெருக்கடியில் இருந்தார்கள். ஆகவே கையில் கிடைத்ததில் கடுமையானதையே எடுத்தார்கள். ஃபார்மால்டிஹைடும் கிரெசாலும் கலந்த ஃபார்மோகிரெசாலை 1904இலேயே பக்லி அறிமுகப்படுத்தியிருந்தார். வலிமையான மருந்து என்றாலே நல்ல மருந்து என்ற மனநிலையில்தான் என்2 பிறந்தது.

பசையும் அதன் முறையும்

1950களில் சுவிட்சர்லாந்தின் லோகார்னோ நகரைச் சேர்ந்த பல் மருத்துவர் ஆஞ்சலோ சார்ஜென்டி இந்தப் பசையைக் கொண்டுவந்தார். தூளும் திரவமும் கலந்து குழைப்பது. தூளில் அதிகமிருந்தது துத்தநாக ஆக்சைடு. அதனோடு சில சதவீதம் பாராஃபார்மால்டிஹைடு, எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிய பிஸ்மத், பேரியம் உப்புகள், சிவப்பு ஈய ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு, மிகச் சிறிதளவு பாதரசச் சேர்மம். சில வகைகளில் வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டும் உண்டு. திரவம் யூஜினால். பல்வலிக்கு நம் வீடுகளில் பஞ்சில் தொட்டு வைக்கும் கிராம்பு எண்ணெயின் முதன்மைப் பொருள் அதுதான்.

துத்தநாக ஆக்சைடையும் யூஜினாலையும் குழைத்து வேர்க்குழாயை அடைப்பது புதிதன்று. பிலடெல்பியாவின் லூயி கிராஸ்மன் வகுத்த சீலரின் அடிப்படையும் அதே கூட்டுதான், உலகெங்கும் பல தலைமுறை மாணவர்கள் அதைக் குழைத்துப் பழகியிருக்கிறார்கள். என்2வைத் தனித்து நிறுத்தியது பாராஃபார்மால்டிஹைடு. அது மெல்ல உடைந்து ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளிவிடும். குழாயை நிரப்பிய பிறகும் பசை கிருமிகளைக் கொன்றுகொண்டே இருக்கும் என்பதுதான் விற்பனை வாக்குறுதி.

இந்த வாக்குறுதி சிகிச்சை முறையையே மாற்றிவிட்டது. மிச்சமிருப்பதைப் பசை பார்த்துக்கொள்ளும் என்றால் குழாயை ஏன் மணிக்கணக்கில் கோரவேண்டும், கழுவவேண்டும்? சுழலும் மெல்லிய கம்பிச்சுருளில் பசையைத் தொட்டுக் குழாய்க்குள் இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. குட்டா பெர்ச்சாவும் கட்டாயமில்லை. ஒரே அமர்வு, குறைந்த செலவு, சிறப்புப் பயிற்சி தேவையில்லை.

இந்த இடத்தில் அந்த முறையை ஆதரித்தவர்களுக்கு நியாயம் செய்யவேண்டும். நிபுணரிடம் போகப் பணமில்லாதவருக்கு மாற்று வழி பல்லைப் பிடுங்குவது மட்டுமே என்ற நிலையில், எளிய சிகிச்சை ஒன்று வேண்டும் என்று அவர்கள் சொன்னது உண்மையான தேவை. ஒரே அமர்வில் முடிப்பதிலும் தவறில்லை, நன்றாகச் சுத்தம் செய்யப்பட்ட பற்களை இன்று ஒரே அமர்வில் முடிப்பது ஏற்கப்பட்ட நடைமுறை. என்2 முறையின் கோளாறு, சுத்தம் செய்யும் உழைப்பை ஒரு வேதிப்பொருளின் தலையில் கட்டியதில் இருக்கிறது.

எக்ஸ்ரேயும் இந்தக் கோளாறை மறைத்தது. ஈயமும் பேரியமும் பிஸ்மத்தும் பளிச்சென்று வெண்மையாகத் தெரியும். குழாய் நுனிவரை வெள்ளைக் கோடு ஓடுவதைப் பார்த்தால் யாருக்கும் மனம் நிறையும். அந்தக் கோட்டின் ஓரத்தில் கசிவு இருக்கிறதா, சுவரில் அழுகிய கூழ் ஒட்டியிருக்கிறதா என்பதைப் படம் சொல்லாது.

ஃபார்மால்டிஹைடு உள்ளே என்ன செய்கிறது

ஃபார்மால்டிஹைடு புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்குகிறது. கிருமியின் புரதமும் அப்படியே இறுகுவதால் கிருமி சாகிறது. பல்கூழ்ச் செல்லின் புரதமும், எலும்புச் செல்லின் புரதமும், நரம்பிழையின் புரதமும் அதே வேதியியலுக்கு உட்பட்டவைதான். வேறுபடுத்திப் பார்க்கும் திறன் அதற்கு இல்லை. உடற்கூறு ஆய்வகங்களில் உறுப்புகளைக் கெடாமல் வைத்திருக்க இதன் கரைசலைப் பயன்படுத்துவதும் இதே தன்மையால்தான்.

பல்லுக்குள் விடுபட்ட கூழைப் பசை பதப்படுத்திவிடும், அது கெடாமல் அங்கேயே கிடக்கும் என்று ஆதரவாளர்கள் நம்பினார்கள். உயிருள்ள உடல் கண்ணாடிக் குப்பி அன்று. இறுகிப்போன புரதத்தை உடலின் எதிர்ப்புச்சக்தி அந்நியப் பொருளாகக் கருதி வினைபுரியக்கூடும். வேர்நுனி வழியாக வரும் திசுநீர் பசையைக் கரைக்கிறது. ஃபார்மால்டிஹைடு வெளியேறும் வேகம் நாளடைவில் குறைந்துபோகிறது. எஞ்சுவது நுண்துளைகள் மலிந்த, கரையக்கூடிய துத்தநாகப் பசை. அப்போது புதிதாக வரும் கிருமிகளைக் கொல்ல மருந்தும் இல்லை, தடுத்து நிறுத்த இறுக்கமான அடைப்பும் இல்லை. நிரந்தரக் காவல் என்று விற்கப்பட்டது, சிகிச்சையின் முதல் கட்டத்தில் மட்டுமே கூர்மையாக இருந்த கத்தி. அந்தக் கட்டத்தில்தான் அது சுற்றியிருக்கும் திசுவையும் வெட்டியது.

பசை இட்ட இடத்திலேயே நிற்கவும் இல்லை. ஈயம் கலந்த இந்தப் பசையை விலங்குகளின் வேர்க்குழாய்களில் நிரப்பிய ஆய்வுகள் 1975இல் வெளிவந்தன, ஈயம் இரத்தத்துக்குப் போவதை அவை காட்டின. 1980இல் பிளாக்கும் லாங்கலண்ட் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் கதிரியக்கக் கார்பனால் குறியிட்ட பாராஃபார்மால்டிஹைடை என்2வில் கலந்து நாய்களின் பற்களில் நிரப்பிப் பார்த்தார்கள். குறியீடு இரத்தத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் தென்பட்டது. ஈயத்தைப் பின்னர் சில வகைகளிலிருந்து நீக்கினார்கள். பாராஃபார்மால்டிஹைடை நீக்கினால் என்2 என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. அந்த முடிவு காற்றில் சுவாசிப்பதை முதன்மையாகக் கொண்டது, பல்லில் நிரப்புவதை வைத்து எடுத்தது அன்று. அதனால் அதை இந்தப் பசைக்கு எதிரான தலையாய சான்றாக நான் வைக்கவில்லை. தலையாய சான்று நரம்பில் இருக்கிறது.

கீழ்த்தாடை நரம்பு

கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு கால்வாய் ஓடுகிறது. அதற்குள் செல்லும் நரம்புதான் கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் கீழ்ப்பற்களுக்கும் உணர்வு தருவது. இரண்டாம் கடைவாய்ப் பல்லின் வேர்நுனிகள் பலருக்கு இந்தக் கால்வாயை ஒட்டியே முடிகின்றன. சிலருக்கு இடையில் எலும்புச் சுவர் இருக்கிறதா என்றே சொல்ல முடியாத அளவு நெருக்கம். சுழலும் கம்பிச்சுருள் பசையை அழுத்தித் தள்ளும்போது அது வேர்நுனியைத் தாண்டிப் போனால் விழுமிடம் இந்த நரம்பு.

பாராஃபார்மால்டிஹைடு கலந்த பசைகள் அப்படித் தாண்டிப்போனதால் ஏற்பட்ட நரம்புச் சேதம் குறித்த அறிக்கைகள் பல் மருத்துவ இதழ்களில் மீண்டும் மீண்டும் வந்திருக்கின்றன. ஓர்ஸ்டாவிக்கும் சக ஆய்வாளர்களும் 1983இல், வேர்க்குழாய் சிகிச்சைக்குப் பின் உணர்வு பிறழ்ந்த நிகழ்வுகளை இலக்கியத்திலிருந்து திரட்டித் தந்தார்கள். கிளையர், அவர்பாக் இருவரும் 1988இல் எழுதிய அறிக்கை இன்னும் கொடுமையானது. அதில் பேசப்பட்டது வலியோடு கூடிய உணர்வுப் பிறழ்வு.

மரத்துப்போதல் என்றால் ஏதோ சிறு தொல்லை என்று தோன்றலாம். உதடு இருப்பதே தெரியாமல் கடித்துக்கொள்வது, தேநீர் வாயோரம் வழிவதை அறியாதிருப்பது, பேச்சு குழறுவது என்று அது அன்றாடத்தைத் தின்றுவிடும். எரிச்சலும் குத்தலும் சேர்ந்துவிட்டால், காற்று பட்டால்கூடச் சுடும் உதட்டோடு ஒருவர் ஆண்டுக்கணக்கில் வாழவேண்டியிருக்கும். பல்வலிக்குப் போனவருக்கு இது நேர்வதை எந்தக் கிருமிக்கொல்லி ஆற்றலும் ஈடுசெய்யாது. இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

எந்த நிரப்பியும் கால்வாய்க்குள் போனால் கெடுதிதான் என்பதையும் சொல்லியாகவேண்டும். வேர்க்குழாய்க்குள் கிருமிக்கொல்லி மருந்தாக வைக்கப்படும் கால்சியம் ஹைட்ராக்சைடின் காரம் சுடும். குட்டா பெர்ச்சாகூட அழுத்தத்தால் நரம்பை நசுக்கும். ஆனால் ஃபார்மால்டிஹைடு சேரும்போது அழுத்தத்தோடு நஞ்சும் சேர்கிறது.

சர்ச்சை

அமெரிக்காவில் இது இரண்டு அமைப்புகளின் நீண்ட மோதலாயிற்று. வேர்க்குழாய் நிபுணர்களின் சங்கமான அமெரிக்கன் அசோசியேஷன் ஆஃப் எண்டோடான்டிஸ்ட்ஸ் என்2வை எதிர்த்தது. சார்ஜென்டி முறையை ஆதரித்த பொதுப் பல் மருத்துவர்கள் அமெரிக்கன் எண்டோடான்டிக் சொசைட்டி என்ற அமைப்பில் திரண்டார்கள். நிபுணர்கள் தங்கள் வருமானத்தைக் காக்கவே எதிர்க்கிறார்கள் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் என்2வுக்கு ஒருபோதும் ஒப்புதல் தரவில்லை. ஆனாலும் மருத்துவரின் சீட்டுக்கு மருந்தாளுநர் தனியே கலந்து தரும் வழியில் அது பல்லாண்டுகள் புழங்கியது. நரம்புச் சேதம் அடைந்தவர்கள் நீதிமன்றங்களுக்குப் போனார்கள்.

ஆதரவாளர்களின் முக்கிய வாதம், எங்கள் நோயாளிகளில் பெரும்பாலோர் நன்றாக இருக்கிறார்கள் என்பது. அது பொய்யாக இருக்கவேண்டியதில்லை. வலி நின்றது உண்மையாகவே இருக்கலாம், ஃபார்மால்டிஹைடும் ஸ்டீராய்டும் வலியுணர்வை அடக்கும். வேர்நுனி எலும்பு ஆறியதா என்பது வேறு கேள்வி. அதற்கு ஆண்டுக்கணக்கில் எக்ஸ்ரே எடுத்து, ஒப்பீட்டுக் குழுவோடு பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

அகார் தட்டு சொல்லாத செய்தி

என்2 போன்ற பசைகள் ஆய்வகத்தில் எப்போதும் முன்னணியில் நின்றதற்குச் சோதனை முறையும் ஒரு காரணம். பல காலம் வழக்கிலிருந்தது அகார் தட்டுச் சோதனை. அகார் என்பது ஆய்வகத்தில் கிருமி வளர்க்கப் பயன்படும் கூழ். கிருமி பரப்பிய தட்டில் பொருளை வைத்து, அதைச் சுற்றிக் கிருமி வளராத வளையத்தின் அகலத்தை அளப்பார்கள். அகலமான வளையம், சிறந்த பொருள் என்று மதிப்பெண்.

இந்த வளையம் அளப்பது இரண்டு பண்புகளைச் சேர்த்து. பொருள் கிருமியைக் கொல்கிறதா என்பது ஒன்று, அதிலிருந்து எவ்வளவு கரைந்து அகாருக்குள் பரவுகிறது என்பது மற்றொன்று. நன்றாகக் கரைந்து ஓடும் பொருள் பெரிய வளையம் காட்டும். வேர்க்குழாய் நிரப்பிக்குக் கரைந்து ஓடுவது நற்குணமா? அதுவே அதன் முதல் குறை. ஆக, நாம் தவிர்க்கவேண்டிய பண்புக்குச் சோதனை பரிசு கொடுத்துக்கொண்டிருந்தது. தொடும் இடத்தில் கொன்று, கரையாமல் நிற்கும் பொருளுக்கோ வளையம் சிறியதாகவே விழும்.

இக்குறையைப் போக்க 1996இல் இஸ்ரேலின் வைஸ், ஷுல்மன், ஃபஸ் ஆகியோர் நேரடித் தொடுகைச் சோதனையை முன்வைத்தார்கள். பொருளின் பரப்பின்மேல் கிருமிகளை நேராக வைத்து, பிறகு அவற்றின் வளர்ச்சியை அளப்பது அம்முறை. புதிதாகக் குழைத்த பசையையும் இறுகி நாள்பட்ட பசையையும் தனித்தனியே சோதிக்க முடிந்தது இதன் பெரும் பயன். குழைத்தவுடன் பல சீலர்கள் கிருமியைக் கொல்கின்றன, இறுகியபின் பலவற்றின் ஆற்றல் மங்கிவிடுகிறது. எபாக்சி பிசினால் ஆன ஏஎச் பிளஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஈரமாக இருக்கும்போது வலுவாகக் கொல்லும், இறுகியபின் அநேகமாக வாளாவிருக்கும். அப்படியிருந்தும் உலகெங்கும் மற்ற சீலர்களை ஒப்பிடும் அளவுகோலாக நிலைத்தது அதுதான். காரணம் அது கரைவதில்லை, சுருங்குவது குறைவு, சுவரைப் பற்றிக்கொள்கிறது.

ஏஎச் பிளஸின் முன்னோடியான ஏஎச்26ஐ உருவாக்கியவரும் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்தவர், ஆந்த்ரே ஷ்ரோடர். காலமும் அதே 1950கள். அந்தப் பொருளும் இறுகும்போது ஃபார்மால்டிஹைடை வெளியிட்டது. அங்கே அது வேதிவினையின் வேண்டாத துணைவிளைவு. அது தெரிந்ததும் குறையாகக் கருதி, புதிய வாய்பாட்டில் அதைப் பெரிதும் குறைத்தார்கள். ஒரே நாட்டில் ஒரே காலத்தில் பிறந்த இரண்டு பொருள்களில், ஒன்று அந்த வாயுவைத் தன் பெருமையாகச் சொன்னது, மற்றொன்று அதைத் தன்னிடமிருந்து களைந்தது. நிலைத்தது களைந்த பொருளின் வழிதான்.

பல்லே மருந்தை முறிக்கும்

தட்டுக்கும் பல்லுக்கும் இடையில் இன்னொரு பெரிய வேறுபாடு இருக்கிறது. டென்டின் திடமான சுவர் அன்று. பல்கூழின் அருகே ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம் நுண்குழல்கள் அதில் இருக்கின்றன. கிருமிகள் நுழைந்து தங்க அவற்றின் அகலம் போதும். நார்வேயில் ஹாபாசலோவும் ஓர்ஸ்டாவிக்கும் 1987இல் மாட்டுப் பற்களிலிருந்து வெட்டிய டென்டின் துண்டுகளில் எண்டரோகாக்கஸ் ஃபேகாலிஸ் என்ற கிருமியை வளர்த்தார்கள். அது நுண்குழல்களுக்குள் ஆழமாக ஊடுருவியது. கால்சியம் ஹைட்ராக்சைடால் அதை அங்கிருந்து அகற்ற முடியவில்லை.

கால்சியம் ஹைட்ராக்சைடை 1920இல் ஜெர்மனியின் ஹெர்மன் அறிமுகப்படுத்தினார். அதன் கார அளவு பிஎச் 12.5 அளவில் இருக்கும், பெரும்பாலான கிருமிகளால் அதைத் தாங்க முடியாது. எண்டரோகாக்கஸ் மட்டும் எப்படித் தாங்குகிறது? இவான்ஸும் சக ஆய்வாளர்களும் 2002இல் விடை கண்டார்கள். அந்தக் கிருமி தன் உறையிலுள்ள புரோட்டான் பம்பைக் கொண்டு உட்புறத்தின் காரத்தன்மையைச் சமன்செய்துகொள்கிறது. பிஎச் 11.5ஐ எட்டினால் அதுவும் சாகும். ஆனால் டென்டின் காரத்தை உறிஞ்சி மட்டுப்படுத்துவதால் நுண்குழலின் ஆழத்தில் அந்த அளவு எட்டுவதே இல்லை.

ஹாபாசலோ குழு 2000இல் செய்த சோதனை என் பார்வையில் இந்தத் துறையின் மிக நேர்மையான சோதனைகளில் ஒன்று. டென்டினைப் பொடியாக அரைத்து மருந்துகளோடு கலந்து, பிறகு அதே கிருமியின்மேல் சோதித்தார்கள். கால்சியம் ஹைட்ராக்சைடின் கொல்லும் ஆற்றல் முழுவதும் அடங்கிப்போனது. குளோர்ஹெக்சிடினும் அயோடினும் தளர்ந்தன. பல்லுக்கு வெளியே புலியாக இருந்த மருந்து பல்லைத் தொட்டதும் பூனையாகிவிடுகிறது. டென்டின் இல்லாமல் செய்த கிருமிக்கொல்லிச் சோதனை முடிவை நம்பி ஒரு பொருளை வாங்குவது வீண்.

எண்டரோகாக்கஸ் ஏன் முக்கியம் என்றால், சிகிச்சை தோற்று மீண்டும் திறக்கப்படும் பற்களில் அடிக்கடி கிடைப்பது அது. சுவீடனின் சுண்ட்க்விஸ்ட் குழு 1998இல் மறுசிகிச்சைக்கு வந்த 54 பற்களை ஆராய்ந்தபோது அதிகம் கிடைத்த கிருமி அதுவே.

கொல்லும் ஆற்றல் எவ்வளவு தேவை

சுவீடனின் ஷோக்ரனும் சக ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வு இக்கேள்விக்கு நேரடியாகப் பதில் தருகிறது. தொற்று இருந்த 55 ஒற்றைவேர்ப் பற்களைச் சுத்தம் செய்து, நிரப்புவதற்குச் சற்றுமுன் குழாயிலிருந்து மாதிரி எடுத்தார்கள். 22 பற்களில் கிருமி இன்னும் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே அமர்வில் நிரப்பி ஐந்தாண்டுகள்வரை பார்த்தார்கள். கிருமி இல்லாமல் நிரப்பிய பற்களில் 94 சதவீதம் ஆறின. கிருமியோடு நிரப்பியவற்றில் 68 சதவீதம்.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்கவேண்டும். நிரப்பும் பொருள் மிச்சக் கிருமிகளை வென்றுவிடும் என்றால் இவ்வளவு இடைவெளி இருந்திருக்காது. ஆகவே கிருமியை அகற்றவேண்டிய கட்டம் நிரப்புவதற்கு முன்னால் இருக்கிறது: கோருவது, சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவுவது, ரப்பர் திரை கட்டி எச்சில் படாமல் வேலை செய்வது. அதேநேரம், கிருமி மிஞ்சியும் மூன்றில் இரண்டு பங்கு பற்கள் ஆறியிருக்கின்றன. சிறைவைக்கப்பட்டு உணவின்றிப் போன கிருமிகள் பல நேரம் செயலிழக்கின்றன. அப்படிச் சிறைவைப்பதற்கு வேண்டியது கசியாத மூடி.

மூடியின் முக்கியத்துவத்தைப் பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ரே, ட்ரோப் இருவரும் 1995இல் காட்டினார்கள். வேர்க்குழாய் நிரப்பிய 1010 பற்களின் எக்ஸ்ரேக்களைப் பார்த்து, வேர் நிரப்பல், பல்லின் மேற்பகுதியை மூடும் மேலடைப்பு இரண்டின் தரத்தையும் தனித்தனியே மதிப்பிட்டார்கள். இரண்டும் நன்றாக இருந்த பற்களில் 91.4 சதவீதத்தில் வேர்நுனி அழற்சி இல்லை. இரண்டும் மோசமானவற்றில் 18.1 சதவீதம் மட்டுமே தப்பின. வேர் நிரப்பல் நன்றாக இருந்து மேலடைப்பு மோசமானால் 44.1 சதவீதம், மேலடைப்பு நன்றாக இருந்து வேர் நிரப்பல் மோசமானால் 67.6 சதவீதம். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இந்த அளவுக்கு மேலடைப்பை உயர்த்தவில்லை, வேர் நிரப்பலுக்கும் சம எடை தந்தவை உண்டு. ஆனாலும் தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் திரிந்துவிட்டு வருபவர்களுக்கு இந்த எண்களை நான் விடாமல் சொல்வேன்.

இன்று பரவலாகும் கால்சியம் சிலிக்கேட் சீலர்களை இந்தப் பின்னணியில் பார்ப்பது நல்லது. கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் தொராபினெஜாத் 1993 வாக்கில் கொண்டுவந்த எம்டிஏ சிமெண்டின் வழிவந்தவை இவை. ஈரத்தை உறிஞ்சி இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடை உருவாக்கி உயர்ந்த காரநிலையைத் தருவதால் புதிதாக இருக்கையில் கிருமிகளைக் கொல்கின்றன. கொன்று முடித்ததும் எஞ்சுவது திசு ஏற்றுக்கொள்ளும், ஈரத்தில் உறுதிப்படும் பொருள். என்2வில் மருந்து தீர்ந்ததும் எஞ்சியது பலவீனம். இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே நான் இவற்றின் பக்கம் சாய்கிறேன். ஆனால் இவற்றையும் 'கிருமிக்கொல்லி' என்று விற்கும்போது எனக்குப் பழைய அச்சம் வருகிறது, கழுவுவதில் குறைத்துக்கொள்ளலாம் என்ற சபலம் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வருகிறது.

மேலடைப்புகளைப் பற்றிச் சில சொற்கள் போதும். 1972இல் இங்கிலாந்தின் வில்சனும் கென்ட்டும் வெளியிட்ட கிளாஸ் அயனோமர் ஃபுளூரைடைக் கசியவிட்டுச் சொத்தையை மட்டுப்படுத்த உதவுகிறது. ஜப்பானின் இமாசாத்தோ உருவாக்கிய எம்டிபிபி வேறு பாதையில் போகிறது, நேர்மின்னூட்டம் கொண்ட மூலக்கூறு பிசினோடு பிணைந்தே நிற்கிறது. கரைந்து வெளியேறாமல், தொடும் கிருமியின் உறையைச் சிதைக்கிறது. ஃபார்மால்டிஹைடின் கருத்துக்கு நேர் எதிரான கருத்து இது. எச்சில் புரதப் படலம் மேலே படிந்துவிட்டால் அதன் வேகம் குறையும் என்ற வரம்பும் இதற்கு உண்டு.

நம் ஊர்களில்

இது கடந்த நூற்றாண்டின் வெளிநாட்டுக் கதையாக முடிந்துவிடவில்லை. ரெசார்சினாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்து கல்லாக இறுகும் செந்நிறப் பிசின் ரஷ்யா, கிழக்கு ஐரோப்பா, சீனாவோடு இந்தியாவிலும் வேர்க்குழாய்களில் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. பல்லையே செம்பழுப்பாக்கும் அந்தப் பிசினைக் கரைத்தெடுக்க ஏற்ற கரைப்பான் இல்லாததால் மறுசிகிச்சை பெரும் போராட்டமாகிவிடும். குழந்தைகளின் பாற்பற்களில் ஃபார்மோகிரெசால் வைக்கும் வழக்கமும் முற்றிலும் மறையவில்லை. எம்டிஏ அங்கே நல்ல மாற்று, விலைதான் தடை. பொதுச் சுகாதாரத் துறைகள் இந்த விலையைக் குறைக்க முயலவேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

ரூட் கெனால் செய்துகொள்பவர் தன் வேரில் நிரப்பப்படும் சீலரின் பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். அதில் பாராஃபார்மால்டிஹைடு இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. மருத்துவர் கேள்வியை விரும்பாவிட்டாலும் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு.

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குச் சிகிச்சை நடந்திருந்தால் ஒன்றைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். மரத்துப்போகும் ஊசியின் வேகம் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். மறுநாள் காலையிலும் கீழுதடோ முகவாயோ மரத்திருந்தால், அல்லது எரிந்தால், தானாகச் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் சொல்லி, எக்ஸ்ரேயோ முப்பரிமாண ஸ்கேனோ எடுத்து, நிரப்பி கால்வாய்க்குள் போயிருக்கிறதா என்று பார்க்கச் செய்யவேண்டும். போயிருந்தால் வாய்முக அறுவை நிபுணரிடம் உடனே போகவேண்டும். சான்பிரான்சிஸ்கோவின் போக்ரல் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வேர்க்குழாய் சிகிச்சையால் இந்த நரம்பு பாதிக்கப்பட்ட 61 பேரின் விவரம் இருக்கிறது. 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்து பசை அகற்றப்பட்ட ஐந்து பேரும் முழுமையாக மீண்டார்கள். நாள் கடந்து அறுவை செய்துகொண்டவர்களில் அப்படி முழுமையாக மீண்டவர் இல்லை.